ஜன்னலுக்குக் கீழே ஓடிய இஞ்சின்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் இப்ப என்ன சொல்லிட்டுப் போனார்? "கார் குறைவா எரிபொருள் குடிக்கணும்னு அரசாங்கம் எதுக்குக் கட்டாயப்படுத்தணும்? காசு குடுத்து வாங்குறவனுக்கு மைலேஜ் பாக்கத் தெரியாதா?"... கைதட்டல் வேற.

சரி. உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்றேன்.

எங்க குடியிருப்புல சத்யபாமான்னு ஒரு பொண்ணு. வீட்டுக்காரர் மோகனசுந்தரம். நாலு வயசு மக இனியா. குழந்தைக்கு வீசிங். கொஞ்சம் தூசி பட்டாப் போதும், மூச்சு இழுக்கும். ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போகப் பயந்துதான் கார் வாங்கினாங்க. பெரிய கார். ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? நாம பைக் வாங்கினா பக்கத்து வீட்டுக்காரர் முதல்ல கேக்குறது, "என்ன மைலேஜ் குடுக்குது?" பெரிய கார் வாங்கினவர்கிட்ட அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க... சம்பளத்தைக் கேட்ட மாதிரி முறைப்பார்.

அந்த வண்டியில ஒரு நல்ல வசதி. வண்டி நின்னா இஞ்சினும் தானா நின்னுரும். எரிபொருள் மிச்சம், புகை மிச்சம். கூடவே, அந்த வசதி வேண்டாம்னா அணைச்சு வைக்க ஒரு பொத்தானும் இருந்துச்சு. மோகனசுந்தரம் முத நாளே கண்டுபிடிச்சது எது?... அந்தப் பொத்தானைத்தான். இஞ்சின் நின்னா ஏசி சில்லுன்னு வரலையாம்.

போன மாசம் ஒரு நாள் இனியாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. குழந்தைகள் கிளினிக்குக்கு ஓடினாங்க. அவர் வண்டியைக் கட்டிடத்தை ஒட்டி நிறுத்திட்டு உள்ளேயே உக்காந்துட்டார். இவதான் குழந்தையைத் தூக்கிட்டுப் போனா. சின்ன அறை. மருந்தை ஆவியா உள்ள அனுப்புற நெபுலைசர் மாஸ்க்கை முகத்துல வச்சாங்க. எப்பவும் ஒரு தடவையில அடங்கிரும். அன்னைக்கு அடங்கல. மறுபடியும் வச்சாங்க... நெஞ்சு குழி விழுந்து விழுந்து ஏறுது. பெத்தவ எப்படிப் பாத்துட்டு நிப்பா?

டாக்டர் பர்வீன் உள்ள வந்தாங்க. வந்ததும் முகம் சுளிச்சாங்க. "சிஸ்டர், ஜன்னலைச் சாத்துங்க. வெளிய யாரோ வண்டியை ஓட விட்டிருக்காங்க. பாப்பாவைப் பின்னாடி ரூமுக்கு மாத்துங்க, உடனே."

சத்யபாமாவுக்கு வந்துச்சே ஒரு ஆவேசம்! குழந்தையை சிஸ்டர்கிட்ட குடுத்துட்டு, எவன்டா அவன்னு கேக்க வெளிய ஓடினா. ஜன்னலுக்கு நேர் கீழ ஒரு சைலன்சர். புகை மேல ஏறுது. நம்பர் பிளேட்டைப் பாத்தா...

அவங்க வண்டி.

ஓடிப் போய்க் கதவைத் திறந்தா. "ஏனுங்க... அணைங்க. நம்ம புள்ளதான் அந்த ஜன்னலுக்குள்ள இருக்குறா."

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாப்பா வந்து ஏறும்போது சில்லுன்னு இருக்கட்டும்னுதான் ஓட விட்டேன்..."

அணைச்சார். ஆனா சத்தம் நிக்கல. ஏன்? பக்கத்துல வரிசையா இன்னும் மூணு கார், ஒவ்வொண்ணுலயும் ஒரு அப்பா, மூணும் ஓடுது. போய் அடுத்த வண்டிக் கண்ணாடியைத் தட்டினார். விரல் நுழையுற அளவு இறங்குச்சு. உள்ள குழந்தைங்க மூச்சுக்குத் திணறுதுங்க, அணைங்கன்னு கெஞ்சினார். அந்த மனுஷன் கோவப்படவே இல்ல. பொறுமையாச் சொன்னார்: "எம் பையனும் உள்ளதானுங்க இருக்கான். அவனுக்காகத்தான் போட்டு வச்சிருக்கேன்."

கண்ணாடி ஏறிருச்சு.

பின்னாடி ரூமுக்கு மாத்தின பிறகு இனியாவுக்கு மெல்ல அடங்குச்சு.

இப்பச் சொல்லுங்க. அந்த நாலு அப்பாக்களுக்கும் பாசம் இல்லையா? படிப்பு இல்லையா? பாசத்துலதாங்க அந்த நாலு இஞ்சினும் ஓடுச்சு! மிச்சம் பண்ற வசதி கையிலயே இருந்தும் பொத்தானை அமுக்கி அணைச்சோமே... அப்புறமும் வாங்குறவன் பாத்துக்குவான்னு எப்படி விடுறது? ஒரு கார் இவ்வளவுதான் குடிக்கலாம், நிக்கும்போது குடிக்கவே கூடாதுன்னு, வண்டி செய்யுற கம்பெனியிலயே கட்டாயமாக்கணும். எல்லா வண்டிக்கும். விலை ஏறும்பாங்க. அந்தச் சின்ன அறையில கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து விலையைப் பேசுங்க.

இந்த மண்டப வாசல்ல ரெண்டு கார் ஏசியோட ஓடிக்கிட்டிருந்துச்சு, வரும்போதே பாத்தேன். இந்தக் கதையைக் கேட்டதுக்காக இன்னைக்கு எந்திரிச்சுப் போய் அணைச்சிருவீங்க. நம்புறேன். நாளைக்கு?...

நாளைக்கு உங்க கண்ணாடியைத் தட்ட நான் வரமாட்டேன், நடுவர் அவர்களே. சட்டம்தான் வரணும்.