பச்சை எரியும் அறை

தீபாவளி முடிந்துவிட்டால் எங்கள் ஷாதரா பக்கம் யாரும் வெள்ளைச் சட்டை போடுவதில்லை, தரோகாஜி. டெல்லிப் புகைக்காற்றில் மத்தியானத்துக்குள் கழுத்துப்பட்டி கறுத்துவிடும். போலீஸ்காரர் நீங்கள், காக்கியில் அழுக்கு தெரியாது.

என் மனைவி பிம்லேஷுக்கு ஆஸ்துமா. போன குளிரிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டாள் என்றார் டாக்டர். டெல்லியை விட்டுப் போக எங்களுக்கு வேறு ஊர் கிடையாது. ஊர்க் காற்றை என்னால் மாற்ற முடியாது. ஓர் அறையை மாற்றலாம். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கி உள்ளறையில் ஓடவிட்டேன். காற்று கெட்டால் சிவப்பு எரியும், நன்றாக இருந்தால் பச்சை.

ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினேன். அவள் பிய்த்தாள். ஆணி அடித்தேன். மொட்டை மாடிக்குப் போய் நின்றுவிட்டு, இருமிக்கொண்டு வந்தாள். அதனால் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். சாப்பாட்டுக்கும் கக்கூசுக்கும் திறந்துவிடுவேன். நான் கொடுமைக்காரன் இல்லை.

"என்னை ஊறுகாய் ஜாடியில போட்டு மூடிட்டீங்க," என்பாள். "வெயில்லயாவது வைங்க, பூஞ்சை பிடிச்சிரப் போவுது." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆரம்பத்தில்.

குளிர் ஏறியதும் ஒரு சிக்கல். மெஷினோடு ஹீட்டரையும் போட்டால் வீட்டில் கரண்ட் போய்விடும். மெஷினை நிறுத்த மனம் வரவில்லை. நேற்று மத்தியானம் அங்கீட்டிக் கணப்படுப்பில் கரி மூட்டி, கனிந்ததும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். கீழ்வீட்டு சரோஜ் பாபி, எனக்கு அண்ணி மாதிரி, பார்த்துவிட்டாள்.

"ஓம்வீர், கிறுக்கு பிடிச்சிருக்கா? அங்கீட்டி வச்சா ஜன்னலை ஒரு சாண் திறந்து வைக்கணும். கரி கேஸ் ஆளையே கொன்னுடும்டா. மூஞ்சி செவந்து, தூங்குற மாதிரியே செத்துக் கிடப்பாங்க."

"அது மெஷின் இல்லாத வீட்டுல, பாபி. புகையெல்லாம் இது குடிச்சிடும்."

"அந்த கேஸுக்குப் புகையும் கிடையாது, வாசனையும் கிடையாது. உன் மெஷினுக்கு மூக்கா இருக்கு?"

"உங்களுக்குத்தான் இருக்கே, அடுத்தவங்க வீட்டுல நுழைக்க."

கோபித்துக்கொண்டு இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பிம்லேஷ் தட்டினாள்.

"ஏங்க, தலை சுத்துது. குமட்டுது. திறங்க."

"லைட்டு என்ன கலர்ல எரியுது?"

"பச்சை."

"அப்ப காத்து நல்லாத்தான் இருக்கு. படு."

"லைட்டுக்கு நல்லாருக்குங்க. எனக்கு இல்ல."

கதவில் சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் என் தலைக்கு மேலேதான் இருந்தது. திறந்தால் வெளிக்காற்று புகுந்துவிடும். இத்தனை நாள் பட்ட பாடு வீணாகும். மறுபடி தட்டினாள், இந்த முறை தரையோரமாக, என் முதுகுக்கு நேராக. பாபி சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஞாபகம் வந்தும் நான் எழுந்திருக்கவில்லை. பிறகு தட்டல் நின்றது. ஒருவழியாகத் தூங்கினாளே என்று நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் ரொட்டி கொண்டுபோய்த் திறந்தபோது கதவோரமே கிடந்தாள். உயிர் இல்லை. கரி வைத்தது நான். தாழ்ப்பாள் போட்டது நான். கூப்பிட்டபோது திறக்காததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் முகத்தை நீங்களும் பார்த்தீர்களே, தரோகாஜி. இருமலும் இல்லை, இழுப்பும் இல்லை. கன்னம் இரண்டும் ரோஜாவாய்ச் சிவந்திருந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை இவ்வளவு ஆரோக்கியமாக நான் பார்த்ததே இல்லை.