நாலாவது மாடியின் சிவப்புத் துணி

வெள்ளை விரிப்பில் கறை பட்டால் சுடுதண்ணீரில் போடக் கூடாது ஐயா. கறை அப்படியே தங்கிவிடும். பச்சைத் தண்ணீர்தான் சரி. ஹோட்டலின் துணி அறை என் பொறுப்பு, அதனால் சொல்கிறேன்.

ஆலைகள் இரவு பகலாக ஓடுகிற ஊர். இயந்திரம் விற்பவர்களும் நூல் வாங்குபவர்களும் எங்கள் ஹோட்டலில்தான் தங்குவார்கள். அறை கிடைக்காதவர்கள் கூடத்துச் சோபாவிலேயே தூங்கிவிடுவார்கள். அத்தனை கூட்டத்திலும் பின்பக்க லிஃப்டை ஓட்டுபவரும் நானும் ஒரு டீயைப் பாதிப் பாதியாக ஊற்றிக் குடிக்க நேரம் இருந்தது. எங்களுக்குள் எதுவும் பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டிய அவசியமில்லை என்று இருந்துவிட்டேன்.

என் தங்கைக்கு நாலாவது மாடியில் அறை சுத்தம் செய்யும் வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். வந்த மாதமே, "டீயை நான் கொண்டுபோறேங்கா. படியேறினா உனக்கு பாய்லர் மாதிரி புஸ்ஸுபுஸ்ஸுன்னு மூச்சு வாங்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

அடுத்த வருஷம் அவர் என்னை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர்கள் கல்யாணத்தை நான்தான் முன்னே நின்று நடத்தினேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

மற்ற மாடிக்காரிகள் லிஃப்டுக்கு மணி அடித்துக் கை ஓய்ந்தார்கள். அவள் அடித்ததேயில்லை. அவள் வேலை முடிக்கும் நேரத்துக்கு அவர் லிஃப்டோடு அங்கே நிற்பார். தள்ளுவண்டியின் சக்கரம் லிஃப்ட் வாசல் இடுக்கில் மாட்டும் என்பதால் நாங்கள் எல்லோரும் முதுகு காட்டித்தான் உள்ளே போவோம், வண்டியை இழுத்துக்கொண்டு. அவள் கையைப் பின்னால் நீட்டி மடக்குக் கதவைத் திறப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். லிஃப்ட் பழுது என்றால் கதவில் சிவப்புத் துணி தொங்கும். அது தொங்காவிட்டால் அவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

அன்று காலை, "அண்ணி, வடம் கிறீச்சிடுது. சிவப்புத் துணி குடுங்க" என்று வந்தார். லிஃப்டைக் கீழே இறக்கிவிட்டு, எல்லா மாடியிலும் துணியைக் கட்டிவிட்டு, மெக்கானிக்கோடு மொட்டைமாடிக்குப் போனார். நான் நாலாவது மாடிக்குப் போய் அங்கே கட்டியிருந்ததை அவிழ்த்தேன். அழுக்காக இருந்தது.

ஒரு அறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, படியேறி வந்திருக்கே?"

"துவைக்கிற துணி எடுக்க வந்தேன்."

"நானும் இதோ கீழ வந்துடுவேன். டீ வாங்கி வை."

வாங்கி வைத்தேன்.

லிஃப்ட் குழியிலிருந்து அவளை வெள்ளை விரிப்பில் சுற்றி எடுத்த பிறகு, "நாலாவது மாடியில மட்டும் கட்ட மறந்துட்டேன் போல அண்ணி" என்று அவர் என் காலடியில் உட்கார்ந்து அழுதார். துக்கத்தில் இருப்பவரோடு வாதாடக் கூடாது. தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ஆனால் நேற்று நீங்கள் அவரைப் பிடித்து வந்துவிட்டீர்கள். செய்யாத தப்புக்கு அவர் உள்ளே இருப்பதை நான் எப்படிப் பொறுப்பேன்? எழுதிக்கொள்ளுங்கள். அவள் பின்னால் பார்க்க மாட்டாள் என்று தெரிந்துதான் அவிழ்த்தேன்.

அவரை விடும்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் வரக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை எனக்காகக் காத்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.