கேட் யாரைக் கூப்பிட்டுச்சு?

அன்னைக்கு மணி ஏழே கால் இருக்கும். பத்து காஜா ஊருக்குப் போற ரோட்டை விட்டு உள்ள திரும்பினா, முன்ன ஈயம் தோண்டின பழைய குட்டையை ஒட்டி ஒரு தாமான், வரிசை வீடுங்க கட்டின குடியிருப்பு. நாப்பது வீடு கட்டினாங்க, ஆள் குடியிருந்தது ஏழெட்டு வீட்டுலதான். விளக்குக் கம்பம் வரிசையா நிக்கும்... பாதி எரியாது.

கிட்ட வாங்கடா. டேய் குகன், நம்ம வீட்டு கேட்டுக்கு முதுகு காட்டி உக்காராத, எனக்குப் பிடிக்கல. சிரி, நல்லா சிரி. சீனங்க ஏழாம் மாசம் வந்தா நான் ஏன் கேட் வேலைய தொடறதில்லன்னு நக்கல் பண்ணீங்கல்ல... இப்பக் கேளுங்க.

என்கூட வயரிங் வேலை செஞ்சான் பூன் கியட். அவன் அக்கா சியூ பிங். கல்யாணம் பண்ணிக்கல. அப்பாவைப் பார்த்துக்கிட்டு அந்தத் தாமான்ல கடைசி வீட்டுல இருந்துச்சு. அப்பா யாப் அங்க்கிள், லோரி ஓட்டினவரு. வயசான காலத்துல மறதி நோய் வந்துடுச்சு. சாயங்காலமானா நடக்கக் கிளம்பிடுவாரு. திரும்பியும் வந்துடுவாரு, அதான் கொடுமை. சொந்த கேட் முன்னாடி வந்து நிப்பாரு... யாரு வீடுன்னு தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துட்டு அப்படியே போயிடுவாரு. ரெண்டு தடவை குட்டைக் கரையில புடிச்சுக் கூட்டி வந்தாங்க. ரெண்டாவது தடவை முழங்கால் வரைக்கும் சேறு. இன்னொரு தடவை ஆனா அப்பா உயிரோட கிடைக்க மாட்டாருன்னு அக்கா ராத்திரி பூரா அழுதுச்சாம்.

நானும் பூன் கியட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை போய் எல்லாம் மாட்டினோம். தூணுல விளக்கு, ஆள் நின்னா கண்டுபிடிக்கிற சென்சார், ஒரு சின்ன ஸ்பீக்கர், தானா திறக்கற கேட். பத்து செகண்டு யாராவது முன்னாடி நின்னா போதும்... விளக்கு எரியும். அக்கா குரல்லயே கூப்பிடும். "அப்பா, இதான் நம்ம வீடு. உள்ள வாங்க. சாப்பாடு ஆறுது." கேட் திறந்துக்கும்.

முகம் பார்த்துத் திறக்கற மாதிரி வைப்போம்னு நான் சொன்னேன். பூன் கியட் கேக்கல. அப்பா தொப்பி போட்டிருப்பாரு, இருட்டுல கேமரா சொதப்பும், இந்தப் பொட்டல்ல அவரை விட்டா வேற யாரு வந்து நிக்கப் போறான்னான். எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. மூணு மாசம் ஒரு குறையும் இல்ல. அங்க்கிள் வருவாரு, நிப்பாரு, குரலைக் கேட்டதும் சிரிச்சுக்கிட்டே உள்ள போவாரு.

அப்புறம் ஏழாம் மாசம்... பதினஞ்சாம் நாள்.

நீங்களே பார்த்திருப்பீங்க. ரோட்டோரம் சோறு, வறுத்த பன்னி, ஆரஞ்சு வச்சு, ஊதுபத்தி குத்தி, காகிதம் எரிப்பாங்க. சோறு போட ஒரு சொந்தம் இல்லாம ஆவிங்க அலையுதுங்களே, அதுங்களுக்கு. நல்லா கவனிங்க... கேட்டுக்கு வெளியதான் வைப்பாங்க. பசியாறிட்டுப் போயிடணும். வாய் தவறிக்கூட உள்ள வான்னு சொல்ல மாட்டாங்க. அக்காவும் அப்படித்தான் வச்சுச்சு, கேட்டுல இருந்து மூணடி தள்ளி. அந்த கேட்டுக்கு ஒரு வாய் வச்சிருக்கோம்னு ஒருத்தருக்கும் தோணல. மாட்டினவன் நான், எனக்காவது தோணியிருக்கணும்.

காகிதம் எரியற புகையில அங்க்கிள் நழுவிட்டாரு. அப்பத்தான் நான் முதல்ல சொன்ன அந்த ஏழே கால். அக்கா போன்ல மூச்சு வாங்கப் பேசுச்சு, நாங்க வேனை எடுத்துக்கிட்டுப் பறந்தோம். குட்டையைச் சுத்தி டார்ச் அடிச்சோம். சாம்பல் வாடை அங்க வரைக்கும் வந்துச்சு. தவளைகூடக் கத்தல.

எட்டரைக்குக் கிடைச்சாரு. மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புல, செருப்பை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பூன் கியட் அவர் காலைக் கட்டிக்கிட்டு அழுதுட்டான். அவரை வேன்ல ஏத்திட்டு அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சான்.

"அக்கா, அப்பா கிடைச்சுட்டாரு."

அந்தப் பக்கம் கிண்ணத்துல கரண்டி படற சத்தம் மட்டும். டக்... டக்...

"என்னடா உளர்ற? அப்பா அப்பவே வந்துட்டாரு. கேட் கூப்பிட்டுச்சு, வந்துட்டாரு. ரெண்டாவது கிண்ணம் சாப்பிடறாரு."

பின் சீட்டுல இருந்து அங்க்கிள் என் தோளைத் தொட்டு, போன்ல யாருன்னு கேட்டாரு. நான் வேனைக் கிளப்பினேன்.

போய்ச் சேர்ந்தோம். வெளிய வச்ச ஊதுபத்தி எரிஞ்சு முடிஞ்சிருந்துச்சு. தட்டுல சோறு வச்சது வச்சபடி, ஒரு பருக்கை குறையல. அங்க்கிளை கேட் முன்னாடி நிறுத்தினோம். பத்து செகண்டு... இருபது... ஒரு நிமிஷம். விளக்கு எரியல. குரலும் இல்ல. அப்பா வந்துட்டாருன்னு அக்கா எல்லாத்தையும் அணைச்சு வச்சிருந்துச்சு. ஜன்னல் வழியா சாப்பாட்டு மேசை தெரிஞ்சுது. யாரோ முதுகைக் காட்டிக் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. தலை நிமிரவே இல்ல.

பூன் கியட் கேட்டை உலுக்கினான். அக்கா வெளிய வந்துச்சு, சிரிச்ச முகம். வாடா, அப்பா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காருன்னுச்சு. அப்புறம் பக்கத்துல நின்னவரைப் பார்த்துச்சு.

"இவரு யாருடா?"

அங்க்கிள் கேட் கம்பியைப் புடிச்சுக்கிட்டாரு. ரெண்டு வருஷமா பெத்த பொண்ணு பேரை மறந்திருந்த மனுஷன்... அன்னைக்குச் சரியாச் சொன்னாரு.

"சியூ பிங்."

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்துச்சு. பாவம் பார்க்கற பார்வை. உள்ள போய் ஒரு கிண்ணம் சோறு கொண்டு வந்துச்சு. கேட்டை ஒருக்களிச்சுத் திறந்து, வெளிய தரையில வச்சுச்சு.

"பசியாறிட்டுப் போங்க, அங்க்கிள்," ன்னு சொல்லிட்டு கேட்டைப் பூட்டிக்கிச்சு.