றோசன்லுண்ட் எந்தப் பஞ்சாங்கம்?

இத்திருமண வரவேற்பின் தலைவர், டென்மார்க்கின் பிரெடெரிசியாத் தமிழர்களின் தளராத தூண், அன்பிற்குரிய தவராஜா அண்ணை அவர்களே. கரையை ரயிலிலும் கடலைக் கப்பலிலும் கடந்து ஹ்விடோவ்ரேயிலிருந்து வந்து, சேலை மடிப்புக் குலையாமல் சிரித்தபடி வீற்றிருக்கும் தாய்மார்களே. இரவு வேலை முடித்த கையோடு, நித்திரையை நாளைக்குத் தள்ளிவைத்துச் சில்க்போர்க்கில் பஸ் ஏறிய சகோதரர்களே. காலையில் தாலி முடிச்சோடு போராடி வென்ற மணமகன் றொபேர்ட் அவர்களே. அந்தப் போராட்டத்தைக் கண்டு குனிந்து சிரித்த மணமகள் ராசமலர் அவர்களே. முன்வரிசையில் நமது வடையைக் கையில் ஏந்தி, எந்தப் பக்கத்தால் கடிப்பது என்று ஆராய்ந்துகொண்டிருக்கும் தேவாலய இசைவாணி கிர்ஸ்டன் அம்மையார் அவர்களே. உங்கள் அனைவருக்கும் மணமக்களின் நண்பனும், மொழிபெயர்ப்பாளனும், அதனாலேயே இரு வீட்டாரிடமும் ஏச்சு வாங்கியவனுமாகிய நீக்கிலாஸின் வணக்கம்.

வாழ்த்துரை வழங்கு என்றார்கள். வழங்குகிறேன். ஆனால் வாழ்த்துவதற்கு முன் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். இந்தத் திருமணத்தைத் தடுத்து நிறுத்தப் பார்த்தவர் யார்? சீதனம் கேட்ட மாமியாரா? இல்லை. சாதகமா? இல்லை. சமயமா? அதையும் சமாளித்துவிட்டோம். தடுக்கப் பார்த்தவர், மண்ணுக்குள் போய் நூற்றாண்டுகள் ஆன ஒரு டேனிஷ் இசைப்புலவர். பெயர் மத்தியாஸ் றோசன்லுண்ட். பரோக் என்று சொல்கிறார்களே, அந்தக் காலத்துச் சங்கீதக்காரர். இதே ஊரில், இந்த மண்டபத்துக்குப் பக்கத்திலே நிற்கும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அவருக்கும் நமக்கும் என்ன பகை? ஒரு திகதிப் பகை.

முதலில் நம் பக்கத்துத் திகதியைச் சொல்கிறேன். பொம்பிளை வீடு சைவம், மாப்பிள்ளை வீடு கிறிஸ்து வேதம். பொம்பிளையின் தாயார் பரமேஸ்வரி அக்கா பஞ்சாங்கம் பார்க்காமல் பல் விளக்கவும் மாட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் அருள்நேசன் அண்ணையோ பஞ்சாங்கத்தைக் கண்டால் வேதப்புத்தகத்தைத் திறந்துவிடுவார். மூன்று மாதம் வாதம். முடிவிலே அக்கா ஒரு தீர்ப்புச் சொன்னார். பாஸ்டர் ஜெபிக்கட்டும், தாராளமாக ஜெபிக்கட்டும், ஆனால் தான் குறித்த நாளில், குறித்த நேரத்தில் ஜெபிக்கட்டும் என்றார். அப்படிப் பிறந்ததுதான் செப்டெம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, உத்திராட நட்சத்திரம், காலை எட்டு மணி. விட்டால் புரட்டாதி பிறந்துவிடும். புரட்டாதியில் கலியாணம் செய்ய அக்கா சம்மதிப்பாரா? கனவிலும் நடவாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த நாளுக்குள்ளே சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. ராசமலரின் தகப்பனார் கந்தையா ஐயா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். சண்டை நடக்கும் ஊர், வர வழியில்லை. தொலைபேசி இல்லை. கடிதம் போய்ச் சேர ஒன்றரை மாதம், திரும்பி வர இன்னொரு ஒன்றரை மாதம். நாளைக் குறித்து எழுதினோம். அவர் பதில் எழுதினார். உங்களுக்குக் காலை எட்டு மணி என்றால் இங்கே உச்சிக்காலப் பூசை நேரம், அந்த நேரத்தில் நான் பிள்ளையார் கோயிலில் தேங்காயோடு நிற்பேன், மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அங்கே நின்று பார்த்துக்கொள்வேன் என்று எழுதினார். அந்தப் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது இந்த ஒரு நாள்தான். அதனால் இந்த நாள் எங்களுக்கு உயிராயிற்று.

இப்போது அவர்கள் பக்கத்துத் திகதிக்கு வருகிறேன். றோசன்லுண்ட் நாற்பது பாட்டு எழுதினார். எழுதிய மகான் திகதி போட்டாரா? போடவில்லை. எது இளமையில் எழுதியது, எது முதுமையில் எழுதியது, ஒருவருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதிலே தன் வாழ்நாளின் பாதியைக் கொடுத்தவர் நம் கிர்ஸ்டன் அம்மையார். பகலில் ஆர்கன், இரவில் ஆராய்ச்சி. பழைய தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். உள்ளே தாள் செய்தவனின் அடையாளம் நிழலாகத் தெரியும். அந்த அடையாளம் எந்த ஆண்டுத் தாள்களில் வருகிறது என்று பார்ப்பார். கையெழுத்து எப்போது நடுங்கத் தொடங்கியது என்று பார்ப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து நாற்பதையும் வரிசைப்படுத்தினார். அந்த நாற்பதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் றோசன்லுண்ட் தம் கையாலே திகதி எழுதியிருந்தார். அது என்ன பாட்டு? ஒரு கலியாணப் பாட்டு. என்ன திகதி? ஆயிரத்து அறுநூற்று எண்பத்தாறு, செப்டெம்பர் பதினான்கு.

ஓம், தாய்மார்களே, அதே பதினான்கு. முந்நூறு ஆண்டு நிறைவு. தேவாலய நிர்வாக சபை கூடியது. விழா என்றது, பாடகர் குழு என்றது, கேக் என்றது, கோப்பி என்றது, காலை முதல் மாலை வரை தேவாலயத்துக்குச் சொந்தமான இந்த மண்டபம் தங்களுக்கே என்றது. நமக்கு வாய்ச்சொல்லாகத் தந்திருந்த மண்டபம் வாயோடே போயிற்று. ஊரில் வேறு மண்டபம் கேட்டு ஓடினோம். எல்லாம் எப்போதோ பிடிபட்டுவிட்டன.

அன்றிலிருந்து இந்த ஊர்த் தமிழர்களெல்லாம் இசை ஆராய்ச்சியாளர் ஆனார்கள். தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையிலே றோசன்லுண்ட். பஸ் தரிப்பிலே றோசன்லுண்ட். பொம்பிளையின் மாமன் குலேந்திரன் அண்ணை ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாட்டை ஒரு வயது குறைத்துவிட்டால் விழா அடுத்த வருடத்துக்குப் போய்விடும் என்றார். பெண்ணின் வயதில் இரண்டைக் குறைத்து, மாப்பிள்ளையின் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டி, எத்தனையோ கலியாணம் பேசி முடித்த கெட்டிக்காரர் அவர். அவருக்கு ஒரு பாட்டின் வயதைக் குறைப்பது பெரிய காரியமா? பொறுங்கள் அண்ணை, எழும்பாதையுங்கோ, உங்களைப் புகழத்தான் போகிறேன்.

அவர் அம்மையார் வீட்டுக்குப் போனார். அம்மையார் அவரை வாசலோடு கலைத்துவிடவில்லை. உட்காரவைத்து, தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இந்த ஒரு திகதிதான் முளை, மற்ற முப்பத்தொன்பதும் இந்த முளையிலே கட்டிய மாடுகள், முளையைப் பிடுங்கினால் எல்லாம் கலைந்துவிடும் என்று விளக்கினார். போனவர் எதிரியாகப் போனார், வந்தவர் சீடராக வந்தார். வயதைக் குறைக்கப் போனவர், ஒரு நாளைக்கூடக் குறைக்க விடமாட்டேன் என்று எங்களையே ஏசினார். பிறகு எங்களுக்கு யார் துணை?

நேரே சபைக்கே போனோம். அருள்நேசன் அண்ணை, பரமேஸ்வரி அக்கா, மொழிபெயர்க்க நான். சபைத் தலைவர் நல்ல மனிதர், அன்பாக மறுத்தார். முந்நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் நாளை மாற்ற முடியாது, உங்கள் கலியாணத்தை ஒரு பத்து நாள் தள்ளினால் என்ன என்று கேட்டார். நான் அதைத் தமிழாக்கினேன். அக்காவின் முகம் சிவந்தது. அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீக்கிலாஸ் தம்பி, உந்தப் பாட்டு எழுதின மனுசன் எந்தப் பஞ்சாங்கம் எண்டு கேளும். வாக்கியமோ, திருக்கணிதமோ?"

சபையோரே, என் நிலைமையை எண்ணிப் பாருங்கள். லூத்தரன் தேவாலயத்து நிர்வாக சபையிலே, அப்பழுக்கில்லாமல் உடுத்திய ஒன்பது டேனிஷ்காரர் முன்னிலையிலே, வாக்கிய பஞ்சாங்கத்தை எப்படி மொழிபெயர்ப்பேன்? நமக்கு இது புதுமையா? யாழ்ப்பாணத்தில் வருடப்பிறப்பு வாக்கியத்துக்கு ஒரு நேரம், திருக்கணிதத்துக்கு ஒரு நேரம். ஒரே வீட்டில் புருசன் ஒன்று, பெண்சாதி ஒன்று. இரண்டு தரம் மருத்துநீர் வைத்து, இரண்டு தரம் முழுகி, தடிமன் பிடித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். ஆனால் அவர்களுக்கு? நான் மென்று விழுங்கி, அந்த இசைப்புலவர் எந்த நாட்காட்டியைப் பின்பற்றினார் என்று இந்த அம்மா அறிய விரும்புகிறார் என்றேன்.

 கடைசிக் கதிரையில் ஒரு கோப்பிக் கோப்பை தட்டில் மோதும் சத்தம். எழுந்து நின்றவர் கிர்ஸ்டன் அம்மையார். அவர் பேசியது டேனிஷ். அவரை யாழ்ப்பாணத் தமிழிலே பேச வைக்கிறேன், பொறுத்தருள்க.

"இதைக் கேக்க இந்த ஊரில ஒரு ஆள் வரும் எண்டு நான் எவ்வளவு காலம் காத்துக்கொண்டிருந்தனான் தெரியுமோ?"

கேளுங்கள் அந்தக் கதையை. றோசன்லுண்ட் காலத்தில் டென்மார்க்கிலே பழைய நாட்காட்டி. ஆயிரத்து எழுநூறாம் ஆண்டிலே புதியதுக்கு மாறினார்கள். பெப்ரவரி பதினெட்டாம் திகதி இரவு படுத்த டென்மார்க், எழும்பும்போது மார்ச் முதலாம் திகதி. இடையில் பிறந்தநாள் வைத்திருந்தவர்களின் கதி என்னவோ, நான் அறியேன். ஆகவே றோசன்லுண்ட் எழுதிய செப்டெம்பர் பதினான்கு, இன்றைய கணக்கில் செப்டெம்பர் இருபத்துநான்கு. முந்நூறு ஆண்டு சரியாக நிறைவது இருபத்துநான்கிலே. அம்மையார் இதைச் சபைக்கு முன்னமே சொல்லியிருக்கிறார். இது ஒருவருக்கும் விளங்காது, ஞாயிற்றுக்கிழமைதான் வசதி என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். ஒருவருக்கும் விளங்காதாம். பஞ்சாங்கச் சண்டையை முலைப்பாலோடு குடித்த இனத்துக்கா விளங்காது?

தலைவர் இன்னும் அசையவில்லை. முந்நூறு வருடத்தில் பத்து நாள் ஒரு பொருட்டா என்றார். அப்போதுதான், பஞ்சாங்கத்தை மூன்று மாதமாக எதிர்த்த அருள்நேசன் அண்ணை எழுந்தார்.

"நான் நாள் நட்சத்திரம் நம்பாத ஆள். ஆனா அங்கை ஒரு தகப்பன் தேங்காயோட நிக்கப்போறார். நாள் மாறிப்போச்சு எண்டு அவருக்கு ஆர் போய்ச் சொல்லுறது?"

அதை நான் டேனிஷில் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். இருபத்துநான்கு புதன்கிழமை, வேலைநாள், மழை வேறு பெய்யும், யார் வருவார்கள் என்றார். அண்ணை தயங்கவில்லை.

"நாங்கள் வருவம். எல்லாரும்."

அதை மொழிபெயர்த்தவன் நான். எல்லாரும் என்றதைச் சிலர் என்று குறைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைகள் உயர்ந்தன. விழா இருபத்துநான்குக்குப் போயிற்று, மண்டபம் நமதாயிற்று.

ஆகவே அன்பர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். கதவைப் பார்க்காதீர்கள், சாப்பாடு எங்கேயும் ஓடிவிடாது. மண்டபம் கேட்டோம், தந்தார்களா இல்லையா? நாளை மாற்றச் சொன்னோம், மாற்றினார்களா இல்லையா? நமக்காக முந்நூறு ஆண்டு விழாவையே நகர்த்தியவர்களுக்கு, நாம் ஒரு புதன்கிழமையை நகர்த்த மாட்டோமா? இரவு வேலைக்காரர் வேலையை மாற்றுங்கள். பின்னேர வேலைக்காரர் தொழிற்சாலைப் போர்மனைக் கெஞ்சுங்கள். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், தடிமன் உள்ளவர்களைத் தவிர. வாக்கியக்காரரும் வாருங்கள், திருக்கணிதக்காரரும் வாருங்கள். வேதக்காரரும் வாருங்கள், சைவக்காரரும் வாருங்கள். விளங்கினாலும் வாருங்கள், விளங்காவிட்டாலும் வாருங்கள். இரண்டு மணித்தியாலம், சோடா கிடையாது, எழுந்து நடக்கக் கூடாது. பாட்டு நின்றதும் கைதட்டிவிடாதீர்கள், அது பெரும்பாலும் முடிந்திருக்காது. கிர்ஸ்டன் அம்மையார் எழுந்து நம் பக்கம் திரும்பும்வரை கைகளை மடியில் வைத்திருங்கள். வருவீர்களா? கேட்கவில்லை. பின்வரிசை? ஓம், இப்போது கேட்டது. அம்மையாருக்கும் கேட்டது, பாருங்கள், வடையைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. இன்று காலை தாலி ஏறியபோது, பரமேஸ்வரி அக்கா மகளைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார். ஏன் என்று அருள்நேசன் அண்ணைக்கு விளங்கியது. ஜெபித்துக்கொண்டிருந்த பாஸ்டரின் காதில் ஏதோ சொன்னார். பாஸ்டர் அந்த ஜெபத்திலே கந்தையா ஐயாவின் பெயரையும் சேர்த்தார். ராசமலர் அப்போதுதான் அழுதாள்.

அந்த நேரம் அம்மையார் என் பக்கத்தில் நின்றார். அந்தக் கலியாணப் பாட்டு யாருக்காக எழுதப்பட்டது என்று அவர் எங்கெங்கோ தேடிப் பார்த்தாராம். பெயர் கிடைக்கவில்லையாம். கச்சேரிகளில் வாசித்திருக்கிறார், ஒரு கலியாணத்திலும் வாசித்ததில்லை. இன்று இந்த மண்டபத்துப் பியானோவிலே வாசிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். ஏன் இன்று, புதன்கிழமைதானே நாள் என்றேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"திகதி எப்பவும் என்னட்டை இருந்தது. மாப்பிள்ளை பொம்பிளைதான் இல்லாமல் இருந்தது."

அம்மையாரே, இதோ இருக்கிறார்கள். றொபேர்ட், ராசமலர், எழுந்து நில்லுங்கள், இது உங்கள் பாட்டு. பொறுமையோடு கேட்டிருந்த உங்களுக்கும், இந்நேரம் தேங்காய்ப் பாதியோடு வீடு திரும்பியிருக்கும் கந்தையா ஐயாவுக்கும் என் நன்றி. பியானோவுக்கு வழிவிட்டு, இரு கரம் கூப்பி அமர்கிறேன். வணக்கம்.