ஏலத்துக்கு வெளியே வந்த சேணம்

"ஏலத்துல தோத்துப்போட்டேனுங்க மாப்ள. ஆனாலும் சேணம் எனக்குத்தான் வருது."

காங்கேயத்திலிருந்து கோவை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் சொன்னார். தோளில் துண்டு, பேச்சிலிருந்து மாட்டுத் தரகர் என்று தெரிந்தது. நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"அதெப்படீங்க மச்சான்?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கம்ப்யூட்டர் ஏலமுங்க. பழைய காலத்துக் குதிரைச் சேணம். காந்திபுரத்துல பிரவுசிங் சென்டர்ல கேட்டேன். கடைசி நேரத்துல வேற யாரோ ஏத்திக் கேட்டு எடுத்துட்டாங்க. மறுநாளு வித்தவரே பெங்களூர்ல இருந்து ஈமெயில் போட்டாரு. எடுத்தவரு பணம் கட்டலையாம். ஏலத்துக்கு வெளிய, கொறைச்ச வெலைக்கு எனக்குத் தாராராம். யாருகிட்டயும் சொல்லாம பணத்தை பேங்க் டிராப்ட்டா அனுப்பச் சொன்னாரு. பல்லடத்துல எறங்கி கூரியர் போட்டுட்டு வாரேன்."

"யாருகிட்டயும் சொல்லாதேன்னவனை நம்பறீங்களா?"

"ஏனுங்க, சந்தையில துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சுத்தான நான் வெலை பேசறேன்? நாலு பேருக்குத் தெரிஞ்சா அது யாவாரமா?"

மாப்பிள்ளை தரகரின் தோள் துண்டைத் தொட்டுக் காட்டினார்.

"துண்டுக்குள்ள ஒரு ஆளோட கை இருக்குமுங்க. மாடும் பக்கத்துலயே நிக்கும். இதுல நீங்க யாரு கையைப் புடிச்சீங்க மச்சான்?"

தரகர் சட்டைப்பையில் இருந்த டிராப்ட் கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பல்லடத்தில் கண்டக்டர் விசில் ஊதி, "எறங்கறவங்க எறங்குங்க" என்றார். தரகர் எழுந்திருக்கவில்லை.

"எனக்குக் கோயமுத்தூருக்கே டிக்கெட் போடுங்க. பெங்களூர் பஸ் அங்கதான நிக்கும்?"