கண்மாய்ச் சேற்றில் ஒரு ஜீப்பு

ஜெயபாண்டி: இம்புட்டு நேரமா மீனா? போன் போட்டு எம்புட்டு நேரமாச்சு!

முத்துமீனா: டிராக்டர்ல பறந்தா வர முடியும்? கயிறு எடுக்க நேரமாயிருச்சு. ஆத்தி... பாதி ஜீப்பக் காணோம்! ரோடு இருக்கையில கண்மாய்க்குள்ள ஏன் விட்டீங்க?

ஜெயபாண்டி: சும்மா... அழகர்கோவிலுக்குப் போலாம்னு.

முத்துமீனா: கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுல கெடக்குற பொண்டாட்டியக் கூப்பிட வரலையாக்கும்?

ஜெயபாண்டி: யாரு சொன்னா? நீயாத்தான போன. வரணும்னா நீயா வா.

முத்துமீனா: நல்லது. சாமியவே கும்பிடுங்க... ஏ, ஏ, நில்லுங்க! கயித்த எங்க கட்டுறீங்க?

ஜெயபாண்டி: பம்பர்லதான்.

முத்துமீனா: அது வெறும் தகரம் மாமா! இழுத்தா பிச்சுக்கிட்டு நேரா என் மண்டைக்கு வரும்.

ஜெயபாண்டி: அப்ப பின்னால, டிரெய்லர் மாட்டுற குண்டுல...

முத்துமீனா: அது ஒடஞ்சு தெறிச்சா ஆளே காலி. சேசிஸ்ல, அதான் அடிச்சட்டத்துல, போல்ட் போட்ட கொக்கி இருக்கும், அடியில கைய விட்டுப் பாருங்க.

ஜெயபாண்டி: ஒரே சேறு... இந்தா, இருக்கு! மாட்டிட்டேன்.

முத்துமீனா: கயித்து மேல கனமா ஒரு சாக்கப் போடணும். அறுந்தாலும் சுண்டி அடிக்காது. ஒங்க ஜீப்புல எப்பவும் கயிறு, சாக்கு எல்லாம் கெடக்குமே?

ஜெயபாண்டி: பசுமலையில வீட்டுலயே எறக்கி வச்சுட்டேன்.

முத்துமீனா: எதுக்கு?

ஜெயபாண்டி: சும்மா...

முத்துமீனா: எதக் கேட்டாலும் ஒரு சும்மா!

ஜெயபாண்டி: ஒன் டிராக்டர்ல ஒரு சாக்கு இல்லாமயா போகும்? இரு, பாக்குறேன்.

முத்துமீனா: வேணாம்! அங்கிட்டுப் போகாதீங்க... நானே எடுத்துத் தாரேன்!

ஜெயபாண்டி: சீட்டுக்குப் பின்னால என்னமோ... மீனா?

முத்துமீனா: அதத் தொடாதீங்க மாமா!

ஜெயபாண்டி: இது நீ துணிமணியெல்லாம் அள்ளிக்கிட்டுப் போன பையில்ல?

முத்துமீனா: அத வைங்க. மொதல்ல நீங்க சொல்லுங்க, கயித்த ஏன் எறக்குனீங்க?

ஜெயபாண்டி: பின் சீட்டக் காலி பண்ணேன்... இந்தப் பைய வைக்கத்தான். ரோட்டுல வந்தா டீக்கடையில ஒங்கப்பா உக்காந்திருப்பாரு. அவரு மூஞ்சியில முழிக்க வெக்கமா இருந்துச்சு, அதான் கண்மாய் வழியா வந்தேன். நீ இல்லாம அந்த வீட்டுல இருக்க முடியல மீனா.

முத்துமீனா: இதப் போன்ல சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?

ஜெயபாண்டி: நீ மட்டும் சொன்னியாக்கும்? கயிறு எடுக்க நேரமாச்சுன்னே...

முத்துமீனா: நெசந்தான். ஒங்க கொரலக் கேட்டதும் பைய மட்டும் தூக்கிப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன். பாதி வழியிலதான் கயிறு ஞாபகமே வந்துச்சு... திரும்பப் போயி எடுத்துட்டு வரத்தான் இம்புட்டு நேரமாச்சு.