முன்சீட்டில் உட்காரத் தெரிந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அம்மா அவர்களே! நாற்காலி கிடைத்தும் உட்காராமல் சுவரோரம் நிற்கும் ஆய்வுக்கூடத்துத் தோழர்களே! முதல் வரிசையிலிருந்து இப்போதே என்னை முறைக்கத் தொடங்கிவிட்ட என் அக்காவே! அனைவருக்கும் வணக்கம்.

நான் சொல்லப்போவதை இங்கே ஒருவர்கூட நம்பப்போவதில்லை. இதை மிகுந்த பொறுப்புடன் முன்கூட்டியே அறிவிக்கிறேன். நடந்தது அப்படிப்பட்டது. போதாக்குறைக்கு, சொல்பவன் நான்.

ஊர் ஊராகப் போய், கிணற்றிலும் குழாயிலும் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் அடைத்து, நம் கூடத்துக்குச் சோதனைக்குக் கொண்டுவந்தவர் என் அத்தான். அவர் சொந்தமாகக் கார் வாங்கியதில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனாலும் கார்களின் சரித்திரத்தை யாராவது எழுதினால் அதில் பாதிப் பக்கம் அவருக்குத்தான் போகவேண்டும்! ஏன் என்கிறீர்களா? ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர். அடுத்தவர் காரில் உட்காரத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒரே ஒருவர்! அவர்தான் நம் முன்சீட்டு மகாராஜா!

அந்தக் காரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதோ, இந்தச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தகரக் கொட்டகையில் தெரிகிறதே, சாம்பல் நிறத்தில், அதுதான். சொந்தக்காரர் நம் ஸ்டோர் அண்ணன். காலையும் மாலையும் நாங்கள் நாலு பேர். ஸ்டோர் அண்ணன் ஓட்டுவார், பக்கத்தில் அத்தான், பின்னால் நானும் மைக்ரோஸ்கோப் அக்காவும்.

அத்தான் அதில் ஏறுகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் வெளியே நின்று இரண்டு செருப்பையும் தட்டுவார். அந்தப் புழுதியில் ஒரு குடும்பம் வீடு கட்டிக் குடியேறலாம்! பிறகு பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வார். எத்தனை பள்ளத்தில் கார் குதித்தாலும் அந்தப் பாட்டில்களுக்குள் ஓர் அலை எழுந்ததா? தான் பயணம் செய்கிறோம் என்பதே அந்தத் தண்ணீருக்குத் தெரியாது! அவர் கதவைச் சாத்தினால், சாத்திய விஷயம் கதவுக்கே ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரியவரும்!

அடியேன் சாத்துகிற விதம் வேறு. ஒருநாள் நான் சாத்திய சாத்தில் ஸ்டோர் அண்ணனின் மூக்குக்கண்ணாடி எகிறி மடியில் விழுந்தது. அத்தான் இறங்கி வந்தார்.

"மாப்ளே, இதை அடுத்தவர் வீட்டுக் கதவா நினைச்சுச் சாத்து."

"எந்த வீட்டுக் கதவா இருந்தா என்ன அத்தான்? கதவு கதவுதானே?"

"உங்க வீட்டுக் கதவை நீ எப்படிச் சாத்துவேன்னு உங்க அக்கா சொல்லியிருக்கா. அதனாலதான் இவ்வளவு பாடம்."

கார் நிறுத்துமிடத்தில் வைத்து என்னைத் திரும்பத் திரும்பச் சாத்த வைத்தார். மைக்ரோஸ்கோப் அக்கா உள்ளே உட்கார்ந்துகொண்டு மார்க் போட்டார். "இது ஃபெயில். இதுவும் ஃபெயில். இது காப்பி அடிச்ச மாதிரி இருக்கு, திரும்ப!" கடைசியில் நான் பாஸான சாத்தைக் கேட்டு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்று மரியாதை செய்தது!

அடுத்தவர் காரில் ஏசி திருகைத் தொடமாட்டார். பாட்டை மாற்றச் சொல்லமாட்டார். பின்னால் இருப்பவரைக் கேட்காமல் சீட்டைச் சாய்க்கமாட்டார். நான் பிஸ்கட் பொட்டலம் பிரித்தால் திரும்பி ஒரு பார்வை. அந்தப் பார்வையில் பிஸ்கட் தானாகவே பொட்டலத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். லாரி எதிரே வந்தால் நான் பின்சீட்டில் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பேன். அதற்கும் சொன்னார்:

"ஓட்டுறவருக்கு அது கேக்கும் மாப்ளே. அவரை நம்பலேன்னு உன் கால் சொல்லுது."

ஆனால் தோழர்களே, அவருடைய சட்டங்களிலேயே தலையான சட்டம் ஒன்று உண்டு. முன்சீட்டில் உட்கார்ந்தவன் தூங்கக்கூடாது! "பக்கத்துல இருக்கறவன் கண்ணை மூடிட்டா, ஓட்டுறவன் தனியா ஓட்டுறான்" என்பார். காய்ச்சலில் வந்த நாளிலும் தூங்கவில்லை. கண் இமைக்கவே ஸ்டோர் அண்ணனிடம் அனுமதி கேட்டார் என்பது என் கட்சி!

அந்த மனிதர், போன மாதம் ஒரு சாயங்காலம், பாலம் தாண்டியதும் தூங்கினார்.

நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம், ஐயா! சத்தம் வராமல் சிரித்தோம். "சட்டம் போட்டவரே மாட்டிக்கிட்டாரு" என்று நான் மைக்ரோஸ்கோப் அக்காவின் காதில் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஸ்டோர் அண்ணன் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். வேகத்தடை இருக்கிற தெருவை விட்டுவிட்டு, சுற்றுவழியில், வழுவழு சாலையில் போனார். மைக்ரோஸ்கோப் அக்கா தன் வீட்டில் இறங்கி, அத்தான் கற்றுக்கொடுத்தபடியே கதவைச் சாத்தினார். அடுத்து நான் இறங்கினேன். என் வாழ்நாளிலேயே மிக மெதுவாக நான் சாத்திய கதவு அதுதான். அவர் முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு பக்கமாகச் சாய்ந்து, தெருவிளக்கு பட்டு, அவ்வளவு அமைதியாக இருந்தது.

அத்தான் வீட்டு வாசலுக்கு வந்தும் ஸ்டோர் அண்ணனுக்கு எழுப்ப மனம் வரவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தார். என் அக்கா வெளியே வந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கிசுகிசுப்பாகச் சொன்னாள்: "எழுப்பாதீங்க. பாவம், அலைச்சல். கொஞ்சம் தூங்கட்டும்." இரண்டு பேரும் கேட் ஓரமாக நின்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு தீர்ந்துபோன பிறகுதான் அக்கா போய்த் தோளைத் தொட்டாள்.

மடியில் பாட்டில் பெட்டி அப்படியே இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பாலத்தருகிலேயே போய்விட்டார், எழுப்பியிருந்தாலும் பயனில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டோம். ஸ்டோர் அண்ணன் காதில் அது ஏறவேயில்லை. "ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே" என்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறார். அடக்கம் முடிந்த மறுநாள் காரைத் தனியாக ஓட்டி இங்கே வந்தாராம். வழியெல்லாம் பெல்ட் மணி அடித்ததாம். முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் 'டிங் டிங்' என்று அடிக்குமே, அந்த மணி. சீட்டில் ஆளில்லை, பையில்லை. மெக்கானிக் வந்து சீட்டைக் கழற்றிப் பார்த்தார். "ஒண்ணுமில்லண்ணே, எல்லாம் சரியா இருக்கு. உங்களுக்குத்தான் தூக்கம் போதல" என்றார். நாங்களும் அதையேதான் சொன்னோம். அன்றிலிருந்து கார் கொட்டகையில் நிற்கிறது. ஸ்டோர் அண்ணன் பஸ்ஸில் வருகிறார். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நேற்று சாவியை என் கையில் திணித்தார். "வித்துடு. நான் இனிமே யாரையும் பக்கத்துல வெச்சு ஓட்டமாட்டேன். வேலையையும் விட்டுடலாம்னு இருக்கேன்."

கூடத்தாரே, நீங்களே சொல்லுங்கள்! ஒருவரைப் புதைத்துவிட்டு இன்னொருவரையும் இழப்பதா இரங்கல்?

ஸ்டோர் அண்ணே, உங்களிடம்தான் பேசுகிறேன், தலையை நிமிர்த்துங்கள். உங்கள் மேல் கோபம் உள்ள ஆவி என்றால் என்ன செய்யும்? பிரேக்கைப் பிடிக்காமல் செய்யும். ஸ்டியரிங்கைத் திருப்பும். கழுத்தைப் பிடிக்கும். பெல்ட்டை ஞாபகப்படுத்துமா? செத்த பிறகும் ஒழுங்காக உட்காரவேண்டும் என்று நினைக்கிற மனிதர் உங்களைக் குறை சொல்லவா வந்திருப்பார்? உங்கள் காரில் கண்ணை மூட அவருக்குத் துணிச்சல் வந்ததே, வேறு யார் காரில் அது வந்திருக்கும்?

ஆகவே, அவர் படத்தின் முன்னால் நின்று நாங்கள் உறுதி ஏற்கிறோம். கதவை மெதுவாகச் சாத்துவோம். திருகைத் தொடமாட்டோம். இல்லாத பிரேக்கை மிதிக்கமாட்டோம். முன்சீட்டில் தூங்கமாட்டோம். மகாராஜாவின் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்கிறோம்: யாராவது தூங்கினால் தொட்டு எழுப்புவோம். திட்டினாலும் எழுப்புவோம். இது மரியாதைக் குறைவு என்றால், அந்த மரியாதை எங்களுக்கு வேண்டாம்.

இதோ சாவி. மைக்ரோஸ்கோப் அக்கா, கொஞ்சம் அவர் கையில் கொடுங்கள். வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே. இன்று கூட்டம் முடிந்ததும் என் அக்காவை நீங்கள்தான் வீட்டில் விடவேண்டும். முன்சீட்டில் உட்காருகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அத்தானைக் கேட்டால்... சரி, விடுங்கள்.

முடிப்பதற்கு முன் ஒன்று. இந்த உரையில் என் கைச்சரக்கு நிறைய. நாய் எழுந்து நிற்கவில்லை, ஓடிப்போனது. பிஸ்கட் ஒளியவில்லை, நான்தான் தின்றேன். நீங்கள் எதையும் நம்பவேண்டாம்.

ஆனால் இன்று காலை, நல்ல வெளிச்சத்தில், ஸ்டோர் அண்ணன் சொன்னது பிரமை என்று காட்டுவதற்காகவே அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது, ஸ்டியரிங் முன்னால் என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சாவியை மட்டும் திருகினேன். பக்கத்துச் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பெல்ட்டை இழுத்து அந்தக் காலி இடத்துக்குக் குறுக்கே பூட்டினேன். நின்றுவிட்டது.

அது மட்டும் உண்மை. பெல்ட் இன்னும் பூட்டியபடியே இருக்கிறது. அக்கா, உட்காரும் முன் நீயே கழற்றிக்கொள். எனக்குக் கை வரவில்லை.